மாயவன் சாயாத வரைக்கும்

விருத்தாசலம்,
ஆவணி முதல் வெள்ளி, 2006

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கோதண்டபாணி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் விருத்தகிரி விருத்தாசலத்திலிருந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நான் எரிக்கும் சூளையும் சுகம். அங்கே திட்டக்குடியில் நீங்களும் சொர்ணாம்பாள் அக்காவும் மாடு கன்றுகளும், கோபித்துக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி பெரியநாயகியும் சுகமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். வெலிங்டன் ஏரி இந்த வருஷமாவது நிரம்பும் என்கிறார்களா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழங்காலைத் தவிர வேறு தொந்தரவு ஏதும் இல்லையே? தலைசுற்றல், படபடப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று ஏதாவது? காலையில் பழைய சோற்றுக்கு இன்னும் கருவாடுதானா? காரணமாகத்தான் கேட்கிறேன், பிறகு சொல்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். பேசத்தான் பார்த்தேன். உங்கள் வீட்டுப் போனை எடுப்பது பெரியநாயகி. என் குரல் கேட்டதும் வைப்பதும் பெரியநாயகி. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உங்கள் கண்ணாடி உடைந்து கிடக்கிறது என்று போன மாதம் சொன்னீர்கள், அக்காவுக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொழுது போதாது. ஆகையால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டப் போவது என் மனைவிதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கையெழுத்தை இவ்வளவு அழகாக எழுதுகிறேன். பெரியநாயகி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே படி. எந்த இடத்திலும் நிறுத்தி உன் சொந்த அபிப்பிராயத்தைச் சேர்க்காதே.

மச்சான், அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. எனக்குப் பிரஷர் இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் போடவில்லை, புத்தி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருப்பாள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதற்கு நான் விளக்கம் சொல்லியாக வேண்டும். போன ஐப்பசியில் சூளை வாசலில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போனேன். கையில் துணியைச் சுற்றிப் புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு இருக்கிறது, உப்பைக் குறை, நட, இந்த மாத்திரையைத் தினமும் ஒன்று போடு என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆயுசுக்கும் என்றார். முப்பது வருஷமாகப் பீங்கான் சூளை எரிக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? எந்தச் சூளையையும் பற்றவைத்தால் அணைக்கிற நாள் ஒன்று உண்டு. அணைக்கவே கூடாத சூளை என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. சரி, டாக்டருக்கு மருந்துக் கடையில் வேண்டியவர் யாரோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது போக, அந்த மீட்டர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மீட்டர்களோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. எங்கள் முதலாளி ஒருமுறை ஆசைப்பட்டுச் சூளைக்குப் புது மீட்டர் வாங்கி மாட்டினார். இன்னும் சூடு ஏறவில்லை, ஏறவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, நாங்களும் எண்ணெயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தோம். சூளை நிறைய அடுக்கியிருந்த கிளி உண்டியல்கள் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய கிளியாக வெளியே வந்தன. அன்றிலிருந்து நான் நம்புவது கோனை மட்டும்தான். நீங்கள் விவசாயி, உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். கோன் என்பது விரல் நீளத்துக்கு மண்ணில் செய்த கூம்பு. சாமான்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு கோன் நிறுத்திவைத்து, சூளைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்போம். சாமான் வாங்குகிற அதே சூட்டைத்தான் கோனும் வாங்குகிறது. முதல் கோன் இளசு, சீக்கிரம் சாயும். இரண்டாவது கோன் கெட்டி. அது சாய்ந்தால்தான் சாமான் வெந்தது என்று அர்த்தம். அது நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை யோசித்துக்கொண்டே டாக்டர் வீட்டிலிருந்து நடந்து வந்தபோதுதான் எதிரே மாயவன் வந்தான். என்னோடு சூளையில் வேலை செய்கிற மாயவன், எங்கள் கல்யாணத்தில் சாம்பாரைக் கவிழ்த்தானே, அவனேதான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே சூளை அனலில் வெந்தோம், ஒரே கட்டுப் பீடியைப் பிரித்துக் குடித்தோம், எங்கள் சூளைகள் இருக்கிற எஸ்டேட் வாசலில் பூவாயி போடுகிற போண்டாவை ஒரே தட்டில் தின்றோம். அப்போது மூளையில் பளிச்சென்று அடித்தது மச்சான். எனக்குப் பக்கத்திலேயே கடவுள் ஒரு கோனை நிறுத்தி வைத்திருக்கிறார், நான் போய் மீட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று. மாயவன் சாயாத வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் சாய்ந்தால் அன்றைக்கு மாத்திரையைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

முதல் கோன் யார் என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டாளி ஜெயராஜ். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் சூளைக்கு முன்னாலேயே விழுந்தான். வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டன. இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். முதல் கோன் சாய்வது வழக்கம்தானே என்று அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூளையைத்தான் உங்கள் தங்கை குறை சொல்கிறாள். இந்த ஒரு இடத்தில் அவள் சொல்வது சரி.

கோன் வைப்பதில் ஒரு விதி இருக்கிறது. சாமானுக்கு என்ன சூடோ அதே சூடு கோனுக்கும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சொல்வது பொய்யாகிவிடும். ஆகையால் நான் போண்டா தின்றால் மாயவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் ஊறுகாய் போட்டுக்கொண்டால் ஒரு கிண்ணம் அவன் வீட்டுக்கும் அனுப்பினேன். நான் பஸ்ஸில் போன நாளில் அவனையும் நடக்கவிடாமல் பஸ்ஸில் ஏற்றினேன். பெரியநாயகி என்னைத் திட்டிய நாட்களில், அந்தச் சூடும் சமமாகச் சேரட்டும் என்று அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து அவளிடம் திட்டு வாங்க வைத்தேன். ஏன் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமலே அவனும் வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். தினமும் காலையில் எஸ்டேட் வாசலில் நின்று அவன் வருவதைப் பார்ப்பேன். கம்பம் போல நிமிர்ந்து வருவான். எனக்கு மனசு குளிர்ந்துவிடும். உள்ளே போய் இன்னொரு போண்டா தின்பேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. நான் வாங்கிக் கொடுக்கிற போண்டாவை அவன் அங்கேயே தின்ன மாட்டான். அப்புறம் திங்கிறேன் என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போவான். அதே சமயத்தில் எஸ்டேட்டில் சுற்றிக்கொண்டிருந்த செவலை நாய் ஒன்று நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்துக்கொண்டே வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாய்க்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த மாத்திரை விவகாரத்துக்கு வருகிறேன். பெரியநாயகி, இங்கே குரலை உயர்த்தாமல் படி. டாக்டர் சீட்டைக் காட்டி அவளே மாத்திரை வாங்கிவந்து, தினமும் காலையில் ஒன்றைத் தண்ணீரோடு கொண்டுவந்து வைப்பாள். நான் வாயில் போட்டுக்கொள்வது போலப் போட்டு, சட்டைப் பைக்குள் சேர்த்து வந்தேன். சேர்ந்ததை வீணாக்க மனம் வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு மண் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதைச் சுட்டுப் பார்ப்போம். சுட்டால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். ஆகையால் ஆடி மாதம் பொம்மைகளை அடுக்கியபோது, ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலைந்து மாத்திரைகளைப் போட்டு ஓரமாக உள்ளே வைத்தேன். சூளை ஆறித் திறந்து பார்த்தால், கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு போலக் கொஞ்சம் வெள்ளைத் தூள். இந்தச் சுண்ணாம்பைத்தான் ஆயுசுக்கும் தின்னச் சொல்கிறார்களா என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் போலக் கிண்ணத்தோடு வீட்டுக்கு ஓடி அவளிடம் காட்டினேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்போதுதான் தினமும் கொடுத்த மாத்திரை எங்கே போனதென்று அவளுக்குப் புரிந்தது. சத்தமே போடவில்லை. அவள் சத்தம் போடாதது எனக்கு விவாகமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. பையில் நாலு புடவையை வைத்து, குடையை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று சொன்னாள்:

"மாத்திரைய சுட்டுப் பாத்தீங்க. ஒடம்பையும் அங்கயே வெச்சுப் பாத்துக்குங்க. நீங்க வுழுந்து, வாய் கோணி, நான் கரண்டியில கஞ்சி ஊட்டணும்னு என் தலையில எழுதியிருந்தா, அத நான் எங்க அண்ணன் வூட்டுல இருந்துகிட்டே கேட்டுக்கறேன்."

போய்விட்டாள். எங்கள் ஊர்க் கோயில் சாமி பெயர் எனக்கும் அம்மன் பெயர் அவளுக்கும் இவ்வளவு பொருந்தி வந்திருக்கிறதே என்றுதானே மச்சான், எனக்குப் பெண் கொடுத்தீர்கள். கோயிலில் பெரியநாயகி ஒரு நாளாவது குடையை எடுத்துக்கொண்டு திட்டக்குடிக்குக் கிளம்பியதுண்டா?

அவள் போன மறு வாரம் எஸ்டேட் வாசலில் பந்தல் போட்டு இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திக் காற்றடித்தார்கள். அன்புக்கரசி என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண்தான், என் கையில் துணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். பிறகு மூன்றாம் தடவையும் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு இருக்கிறதே ஐயா, மாத்திரை எதுவும் போடுவதில்லையா என்று கேட்டாள். மீட்டர் ரிப்பேராக இருக்கும் அம்மா என்று சொல்லி, கிளி உண்டியல் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டுகொண்டிருந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் நான், சந்தேகம் இருந்தால் இவனைப் போட்டுப் பார், இவன்தான் என் கோன் என்று மாயவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவனுக்கும் நூற்றுத் தொண்ணூறு காட்டினால் மீட்டர் கெட்டது என்று அர்த்தம், ஏனென்றால் ஆள் நிமிர்ந்துதானே நிற்கிறான் என்று சுற்றி நின்றவர்களுக்கும் விளக்கினேன்.

அவனுக்கு நூற்று இருபதுக்கு எண்பது காட்டியது. நான் ஜெயித்துவிட்டேனா தோற்றுவிட்டேனா என்று எனக்கே பிடிபடவில்லை. அப்போது அந்த நர்ஸ் பெண் சாதாரணமாக அவனைக் கேட்டாள், இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா ஐயா என்று.

"காலையிலயே போட்டுட்டேம்மா. ஆறு வருசமா ஒரு நாளு தப்புனது இல்ல," என்றான் மாயவன்.

மச்சான், சூளைக் கதவு இடிந்து என் தலையில் விழுந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி ஆகியிருக்காது. பந்தலை விட்டு வெளியே அவனை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். எல்லாம் கொட்டினான். ஆறு வருஷமாக மாத்திரை. விடிகாலையில் நடை. உப்பு பாதி. பீடியை நிறுத்தியாகிவிட்டது. என்னோடு சேர்ந்து வாயில் வைத்ததெல்லாம் பற்றவைக்காத பீடி, எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதென்று. நான் அனுப்பிய ஊறுகாய் அவன் மச்சினிச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது. போண்டா நாய்க்குப் போயிருக்கிறது. நான் இத்தனை மாதமாகக் கோன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் சூளைக்குள்ளேயே இல்லை. எனக்குச் சமமாக அந்தச் சூட்டையெல்லாம் வாங்கியது அந்தச் செவலை நாய்தான், அதுவும் இப்போது படுத்தால் எழுந்திருப்பதில்லை. ஏனய்யா என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீ எங்க என்னக் கேட்ட? நான் நிமிந்து நிக்கிறனான்னு பாத்த, போயிட்ட," என்றான் மாயவன். "ஜெயராஜ் வுழுந்தான் பாரு, அன்னிக்கே நான் டாக்டர்கிட்ட போயிட்டேன். மொத கோன் சாஞ்சா ஒடனே எண்ணெயக் கொறைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான், விருத்தகிரி."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் கோன் எதற்கு நிற்கிறது? இனி ஜாக்கிரதை என்று சொல்லத்தான் நிற்கிறது. இரண்டாவது கோன் சாய்கிற வரை காத்திருந்தால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பது வெந்தே போயிருக்கும். சூளைக்கு இது எனக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும். உடம்புக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஜெயராஜைப் பார்க்கப் போனேன். அவன் மகள் தட்டில் டீயை ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். இடது கையால் பிடித்துக் குடித்தான், பாதி மார்பில் வழிந்தது. முகாமில் நடந்ததைச் சொன்னேன். "பிரசர் ஏறுனாத்தான் என்னப் பாக்க வருவியாடா," என்று வாயைக் கோணிக்கொண்டே சிரித்தான். அவன் நன்றாகத்தான் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெரியநாயகி வாசற்படியில் நின்று சொன்ன கரண்டிக் கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது. மச்சான், எனக்குப் பயமாகிவிட்டது. சாவதற்கு இல்லை. அவள் கையால் ஊட்டி நான் தின்று, அந்த நேரத்திலும் அவள் திட்ட, பதிலுக்குத் திட்ட எனக்கு வாய் வராமல் போனால் என்ன செய்வது?

மறுநாளே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மாத்திரையைச் சூளையில் வைத்ததைச் சொன்னபோது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, மாத்திரையில் மருந்து கடுகளவுதான் இருக்கும், மீதி அதைப் பிடித்துவைக்கிற மாவு, சுட்டால் மருந்துதான் முதலில் போகும் என்றார். ஆயுசுக்கும் எதற்கு என்று மறுபடியும் கேட்டேன். இருதயம் அடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் உங்கள் சூளை எரிந்துகொண்டுதானே இருக்கிறது, எண்ணெயை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. இந்தச் சூளை அணைகிற நாள் என்றால் அது நம்மைத் தூக்குகிற நாள். அதுவரைக்கும் தினமும் ஒரு மாத்திரை என்பது நியாயமாகத்தான் பட்டது.

இப்போது காலையில் நானும் மாயவனும் மணிமுத்தாறு வரைக்கும் நடந்துவிட்டு வந்து, பூவாயி கடையில் தண்ணீர் வாங்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறோம். முழுங்கினேனா என்று பார்க்க அவன் என் வாயைத் திறக்கச் சொல்கிறான். பூவாயியும் எட்டிப் பார்க்கிறாள். நாயும் எங்களோடு நடக்க வருகிறது, ஆனால் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் நானே சமைக்கிறேன். உப்பில்லாத ரசத்தை அவள் வைத்தால் அவளைத் திட்டலாம், நானே வைத்ததற்கு யாரைத் திட்டுவது? ரசம் கூடப் பரவாயில்லை மச்சான். வீடுதான் சகிக்கவில்லை. காலையில் எழுந்தால் என்னை யாரும் திட்டுவதில்லை. நாற்காலியில் போட்ட துண்டு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்பதை மானத்தை விட்டு இந்தக் காகிதத்திலேயே எழுதிவிடுகிறேன். பெரியநாயகி, இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாலும் தப்பில்லை.

ஆகவே, பெரியவரான நீங்கள் அவளிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். நான் மாறிவிட்டேன். இனி எந்த மாத்திரையையும் சூளைக்குள் வைக்க மாட்டேன் என்று பழமலைநாதர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். வயலில் விதைத்தது முளைக்கவும், ஏரி நிரம்பவும், மாடு கன்று பெருகவும், உங்கள் முழங்கால் மடங்கவும் நீட்டவும் சௌகரியமாக இருக்கவும் இங்கிருந்து கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

உங்கள் பணிவுள்ள மைத்துனன்,
சூ. விருத்தகிரி

பின்குறிப்பு: பெரியநாயகி, கடிதம் மேலேயே முடிந்துவிட்டது. இதற்குக் கீழே இருப்பது ஆம்பிளைகள் சமாச்சாரம். இங்கேயே மடித்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்.

மச்சான், போய்விட்டாளா? விஷயம் இதுதான். மாயவன் மாத்திரை போட்ட கோன், அதனால் கணக்கில் சேராது. மாத்திரையே போடாத கோன் ஒன்று கிடைத்தால் என் நிலவரம் சரியாகத் தெரிந்துவிடும் என்று முந்தாநாள் யோசித்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. என்னைவிட ஐந்து வயசு மூத்தவர், கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் குறைவில்லை, டாக்டர் வாசலையே மிதிக்காதவர், என் வீட்டில் நான் இத்தனை வருஷம் வாங்கிய அதே திட்டை அதற்கு முன்னால் நீங்கள் அவள் அண்ணனாக வாங்கியிருக்கிறீர்கள். இதைவிடப் பொருத்தமான கோன் எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது? நீங்கள் நிமிர்ந்துதான் நிற்கிறீர்களா என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது வரும் வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறேன். மாயவனிடம் வாயைத் திறந்து காட்டும்போது அதை நாக்குக்கு அடியில் தள்ளிக்கொள்கிறேன், பழகிவிட்டது.

ஒருவேளை அவள் மடிக்காமல் இதையும் படித்துத் தொலைத்துவிட்டால், அடுத்த பஸ்ஸுக்கே இங்கே கிளம்பிவிடுவாள். கோபத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வரப்போகிறாள், ஞாபகமாக எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.